பேரலுக்கு முப்பத்து நான்கு

எனக்கு முன்பற்கள் இரண்டு கிடையாது. இந்தக் கதையை வாயால் சொன்னால் பாதி காற்றாகவே போய்விடும் என்பதால் எழுதுகிறேன். பல் போன விவரமும் இதில்தான் வருகிறது. ஆனாலும் இது என் கதை அல்ல, கத்தரியின் கதை.

கத்தரி என்பது எங்கள் எண்ணெய் வயலில் ஆண்கள் அவளுக்கு வைத்த பெயர். நேரில் வந்தால் மேடம் என்பார்கள், முதுகு திரும்பியதும் கத்தரி என்பார்கள். பேடிப் பயல்கள். நான் அந்த வயலின் ஸ்டோர் கீப்பர். அவள் அறைக்கும் என் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். பதினான்கு வருடம் அவள் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் யாரையாவது திட்டினால் அவளுக்குக் கேட்கும். நான் திட்டாத நாள் குறைவு.

அவள் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்களிடம் இருபத்தாறு கிணறுகள். ஒவ்வொரு கிணற்றுக்காகவும் அந்த மாதம் கையை விட்டுப் போன காசு எவ்வளவு, அந்தக் கிணற்றிலிருந்து ஏறிய எண்ணெய் எத்தனை பேரல், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பேரலுக்கு எவ்வளவு என்று வரும். கூலி, கரண்டு, ரிப்பேர், லாரி எல்லாம் சேரும். இயந்திரத் தேய்மானம், முன்பு கிணறு தோண்டிய செலவு எதுவும் சேராது. இந்த மாதம் கையை விட்டுப் போகவில்லை என்றால் அது செலவே இல்லை. அவள் இந்தச் சட்டத்தை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்கே மனப்பாடம்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு, இருபத்தாறு கிணறுகளையும் வரிசைப்படுத்திய தாளை வாசல் பலகையில் அவளே ஒட்டுவாள். பேரலுக்கு இருபத்தைந்துக்கு மேல் மூன்று மாதம் தொடர்ந்து போன கிணற்றை மூடிவிடுவார்கள். அங்கே வேலை செய்தவர்கள் மறுநாள் வர வேண்டாம். மூடச் சொல்வது மேனேஜர். ஆனால் அவர் அறைக்குக் கண்ணாடிக் கதவும் காவலாளியும் உண்டு. பலகையடியில் கையில் பசையோடு நிற்பவள் இவள்தானே! அதனால்தான் ஆட்களை வெட்டுகிற கத்தரி என்று பெயர்.

முதல் வருடமே ஒருவன் ஸ்பானரை வீசினான். ஒரு முழ நீளம், இரண்டு கிலோ எடை. இடது புருவம் பிளந்து ஏழு தையல். அந்த ஸ்பானரை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டாள். அப்புறம் வேலை போன ஒருவனின் மனைவி வந்து தலைமயிரைப் பிடித்து ஆட்டினாள். இன்னொருவன் அவள் சைக்கிள் டயர்களை நான்கு முறை கிழித்தான். கடைசியில் சைக்கிளையே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏம்மா, ஆபீஸ் பியூன்கிட்ட குடுத்து ஒட்டச் சொன்னா என்ன? உனக்கு என்ன தலையெழுத்து?"

"கணக்கைப் போட்டது நான், அண்ணே. அடி மட்டும் அவன் வாங்கணுமா?"

நான் என் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவர்கள் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்குப் பதினெட்டு, தம்பிக்கு ஒன்பது. அவனைத் தூக்கி வளர்த்து, படிப்பு ஏறாமல் போனதும் இதே வயலில் வேலைக்குச் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்து, அந்த இரண்டு அறை வீட்டிலேயே அவர்களோடு இருந்தாள். தம்பியை எல்லாரும் மொட்டை என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு தலையை விட்டுப் போகவில்லை என்று மாதாமாதம் மழித்துக்கொள்வான். கைராசிக்காரன், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கேன்டீனில் யாரோ அக்காவைக் கத்தரி என்று சொன்னான் என்று அவன் தாடையைப் பெயர்த்து, எட்டு நாள் சம்பளத்தை இழந்தவன். அவன் ஒன்பதாம் கிணற்றுக்கு மேஸ்திரி. அவனையும் சேர்த்து அங்கே ஏழு பேர்.

அந்தக் கிணறு வயதானது. நாளைக்கு நாற்பது பேரல் தரும், மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு. அதன் தலையிலிருந்த பெரிய வால்வு ஒழுக ஆரம்பித்ததும் சனி பிடித்தது. ஒட்டுப் போடுவார்கள், ஒரு வாரம் தாங்கும், மறுபடியும் ஒழுகும். முதல் மாதம் பேரலுக்கு இருபத்தொன்பது. அடுத்த மாதம் முப்பத்தொன்று. புது வால்வு வாங்கலாம் என்றால் விலை பதினெட்டாயிரம். அதை வாங்கினால் பேரலுக்குப் பதினைந்து கூடும், மூன்றாம் மாதமும் எண் எகிறும், கிணறு மூடப்படும். வாங்காவிட்டாலும் மூடப்படும்.

முப்பத்தொன்று ஒட்டிய அன்று வீட்டில் நடந்ததைத் தம்பியின் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பீங்கான் சில்லு அவன் மனைவியின் காலில் குத்தியது.

"ஒரு ஆறு குறைச்சா உன் குடி முழுகிடுமா?" என்று கத்தினான். "ஊரான் கிணத்துக்குப் போடற மாதிரி தம்பி கிணத்துக்கும் போடறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"நான் எதையும் குறைக்க மாட்டேன்டா. செலவைக் குறை."

"எப்படிக் குறைக்கறது? வால்வு இல்லாம கையால பொத்திக்கவா? சரி, எங்கயாவது சும்மா கெடக்கறத எடுத்து மாட்டினா?"

"காசு கையை விட்டுப் போகலைன்னா அது செலவு இல்ல. எத்தனை தடவை சொல்றது?"

அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே இதைச் சொன்னாளாம். அவன் அதன்பின் கத்தவில்லை. எழுந்து கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை என் ஸ்டோருக்கு வந்தான். பின்பக்கம் பழைய இரும்பு போடும் முற்றம் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு மூடிய நான்காம் கிணற்றின் சாமான்கள் அங்கே துருப்பிடித்துக் கிடந்தன. அதிலிருந்த வால்வு வேண்டும் என்றான், ரசீது வேண்டாம் என்றான். ரசீது எழுதினால் விலை எழுத வேண்டும், விலை எழுதினால் அது அக்காவின் மேசைக்குப் போகும். நான் முதலில் எரிந்து விழுந்தேன். "போடா, என் வேலைக்கு உலை வைக்காதே" என்றேன். அவன் ஏழு பேரின் பிள்ளைகள் எண்ணிக்கையைச் சொன்னான். பதினைந்து. நான் சாவியைத் தூக்கி அவன் முன் போட்டேன். இன்றைக்கும் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருக்கிறது.

மூன்றாம் மாதம் ஒன்பதாம் கிணற்றுக்குப் பேரலுக்குப் பத்தொன்பது வந்தது. வயலிலேயே மிகக் குறைவு. கணக்கு முடிந்த இரண்டாம் தேதியே மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டி அவர் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

கத்தரி சிரிக்கவில்லை. தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் ஸ்டோருக்குள் வந்து நின்றாள்.

"அண்ணே, போன மாசம் ஒன்பதாம் நம்பருக்கு வால்வு குடுத்தீங்களா?"

"இல்லையே."

"வாஷர்? ஒட்டுற சாமான்? ஒரு நட்டு?"

"எதுவும் வாங்கல."

"ரெண்டு மாசம் ஒழுகின கிணறு தானா நின்னுடுச்சா? என் காதுல பூ சுத்தறீங்களா?"

நான் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் போகவில்லை. அந்தத் தையல் போட்ட புருவத்தைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவள் பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "வீட்டுல உக்காந்து, என் வாயால நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

இருவரும் ஒன்பதாம் கிணற்றுக்குப் போனோம். இரண்டு கிலோமீட்டர் தூரம், அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான்காம் கிணற்றின் வால்வு தலையில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல்மூடியை எட்டு போல்ட் இறுக்க வேண்டும். இருந்தது ஆறு, அதிலும் இரண்டு துருவில் பாதி கரைந்தவை. அந்த வால்வு முழு அழுத்தத்தைத் தாங்காது. அதனால் அழுத்தம் காட்டும் கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் பக்கத்துக் குழாயைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும், மணிக்கு ஒருமுறை. அதற்காக வால்வுக்கு முன்னால் நான்கடி தூரத்தில் ஓர் இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் மொட்டை உட்கார்ந்திருந்தான். வேறு யாரையும் நம்பாமல் பகல் முழுக்க அவனேதான் உட்காருகிறான் என்று ஒருவன் சொன்னான்.

"எழுந்திருடா" என்றாள்.

"வேலை நேரம்."

"அது பிடுங்கிட்டு வந்தா உன் நெஞ்சுலதான் வரும். எழுந்திரு!"

"பத்தொன்பது, அக்கா. உன் சட்டப்படி பத்தொன்பது. காசு கையை விட்டுப் போகல. இப்ப என்ன கொறை உனக்கு?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளைத் தள்ளினான். விழுந்த வேகத்தில் உள்ளங்கை இரண்டும் சரளையில் கிழிந்தன. எழுந்து மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் தள்ளினான். பகல் வேலையிலிருந்த மற்ற நான்கு பேரும் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் நடுவில் போய் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ரத்தம் வடிகிற கையோடு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"பாதுகாப்பு வேற பிரிவு பார்க்கும்மா. உங்க கட்டத்துல வர்றது காசு மட்டும்தான். பத்தொன்பதுன்னு மேல சொல்லியாச்சு. பத்தொன்பதையே ஒட்டுங்க."

"அங்க ஆள் சாவான் சார்."

"செத்தா பார்க்கலாம். போய் முகம் கழுவுங்க."

பாதுகாப்புப் பிரிவுக்கும் போனாள். அங்கே இருந்தவர் பக்கத்து ஊருக்கு மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அறையில் பூட்டு தொங்கியது.

ஐந்தாம் தேதி காலை அவள் என் முன்னால் ரசீதுப் புத்தகத்தை நகர்த்தினாள்.

"எழுதுங்க அண்ணே. ஒன்பதாம் கிணறு, பெரிய வால்வு ஒன்னு, பதினெட்டாயிரம்."

"அது பழசு. காசே போகலையே. உன் சட்டம் என்னாச்சு?"

"சட்டத்தைக் குப்பையில போடுங்க. பதினாலு வருஷத்துல ஒரே ஒரு பொய் எழுதறேன். கிணத்தை மூடினாத்தான் அவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். வேலை போனா திட்டுவான், அடிப்பான். பரவாயில்ல, அடிக்கறதுக்கு உயிரோட இருப்பான்ல?"

எழுதினேன். பத்தொன்பதும் பதினைந்தும் முப்பத்து நான்கு.

பன்னிரண்டு மணிக்கு ஒட்டினாள். ஒன்பதாம் கிணறு கடைசி வரியில். செய்தி இரண்டு கிலோமீட்டர் போக ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. பன்னிரண்டே காலுக்கு ஒரு லாரி வாசலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பகல் ஆட்கள் ஐந்து பேர். இரவு வேலைக்காரர்கள் இருவரையும் வழியில் வீட்டிலிருந்து எழுப்பி ஏற்றி வந்திருந்தார்கள். ஏழு பேர், கையில் குழாய்த் துண்டும் கம்பியும்.

முதலில் ஜன்னல்கள் போயின. அடுத்து என் மரத்தடுப்பு. இருவர் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "ரசீது எழுதின கை எதுடா?" என்று கேட்டான் ஒருவன். நான் வாயைத் திறந்தேன், அதிலேயே குத்தினான். பல் இரண்டும் தொண்டைக்குள் போய், இருமி வெளியே துப்பினேன். அதற்குள் இன்னொருவன் என் வயிற்றில் உதைத்தான். தரையில் கிடந்தபடி பார்க்கிறேன், மொட்டை அக்காவின் தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு அறையிலிருந்து பலகை வரைக்கும் இழுத்து வருகிறான்.

"கிழிடி! உன் கையால கிழி!"

"கிழிக்க மாட்டேன்."

"காசே போகாததுக்குக் காசு போட்டிருக்கியே, பாவி! நீயெல்லாம் ஒரு அக்காவா!"

அவள் கையில் அந்த ஸ்பானர் இருந்தது. மேசையிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது. அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஊளையிட்டான், ஆனால் மயிரை விடவில்லை. ஸ்பானர் பிடித்த அவள் வலக்கையைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினான். அதுவும் உடைந்தது.

"கிழிடி!"

"கொன்னு போடு! கிழிக்க மாட்டேன்!"

அவன் கையை ஓங்கினான். அப்போதுதான் தரை உதறியது. மிச்சமிருந்த கண்ணாடியெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, காது அடைத்துவிட்டது. மேற்கே ஒன்பதாம் கிணறு இருந்த இடத்தில் நெருப்பு நேராக மேலே எழும்பி நின்றது.

அடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மொட்டை அக்காவின் தலையை விட்டான். திரும்பித் தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை. கையிலிருந்த ரத்தம் ஒவ்வொருவன் சட்டையிலும் பட்டது. தன்னை எண்ணினோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். ஏழுதான். நாலாவது தடவை எண்ணும்போது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யாருமில்ல" என்றான். "அங்க யாருமில்லக்கா."

நெருப்பு இரண்டு நாள் எரிந்தது. ஆள் சேதம் இல்லை. அதன்பின் விசாரணை என்று ஒரு கூத்து நடந்தது. மணிக்கொரு முறை குழாயைத் திறக்க வேண்டியவர்கள் வேலையை விட்டு ஓடியதால் வெடித்தது, ஓடியதற்குக் காரணம் அந்தத் தாள், ஆகவே தவறு தாளை எழுதியவள் மீது என்று மேனேஜர் வாதாடினார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. யாராவது உட்கார்ந்து திறந்துகொண்டே இருந்திருந்தால் அன்றைக்கு வெடித்திருக்காது. அடுத்த வாரம் வெடித்திருக்கும், நாற்காலியில் ஆள் இருந்திருக்கும். இதை நான் விசாரணையில் எழுந்து நின்று, பல் இல்லாத வாயால் எச்சில் தெறிக்கச் சொன்னேன். சாவியைத் தூக்கிப் போட்டதையும் சேர்த்தே சொன்னேன். எனக்கு மூன்று மாதச் சம்பளம் போயிற்று. அது நியாயம்தான். மேனேஜரை வேறு இடத்துக்குப் பெரிய பதவிக்கு அனுப்பினார்கள். அது அயோக்கியத்தனம். அவளை நீக்கவில்லை, கணக்குப் போட வேறு ஆள் கிடைக்கவில்லை. ஏழு பேருக்கும் வேலை போயிற்று.

வீட்டில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உடைந்த தோளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே படுத்தான். அவளுக்கு வலக்கை கட்டுக்குள் இருந்ததால் தம்பி மனைவிதான் தலை பின்னிவிட்டாள். கொத்துக் கொத்தாக மயிர் கையோடு வந்தது என்று அழுதாள்.

எரிந்ததில் மிஞ்சிய இரும்பையெல்லாம் என் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த மாதம் நாலாம் தேதி சாயந்திரம் மொட்டை பின்வேலிச் சந்து வழியே அங்கே வந்தான். அவன் என் வாயைப் பார்க்கவில்லை. குவியலைக் கிளறி அந்த இரும்பு நாற்காலியை வெளியே இழுத்தான். வால்வின் மேல்மூடி அதன் முதுகுச் சாய்வைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. வட்டமான ஓட்டை. அதற்குள் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், திரும்ப ஓட்டையைத் தொட்டுப் பார்த்தான். பெரிய ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதான். எனக்கும் கண் கலங்கித் தொலைத்தது.

"நாளைக்கு அஞ்சாம் தேதிதானே அண்ணே?" என்று கேட்டான் கடைசியில்.

"ஆமா."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவள் இடக்கையில் தாளோடு பலகையடிக்கு வந்தாள். தீ அணைத்த செலவு, எங்கள் எல்லாருக்குமான ஆஸ்பத்திரிச் செலவு, அவள் கைக்குப் போட்ட மாவுக்கட்டு வரைக்கும் ஒன்பதாம் கிணற்றுக்கு நேராகவே எழுதியிருந்தாள். எண்ணெய் நான்கு நாளுக்கு மேல் ஏறவில்லை. பேரலுக்கு எவ்வளவு என்ற கட்டத்தில் வந்த தொகையை நான் இங்கே எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். ஒரு கையால் தாளைப் பிடித்தால் பசை தடவ முடியவில்லை, பசையை எடுத்தால் தாள் நழுவியது. இரண்டு முறை கீழே விழுந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொட்டை வந்தான். வேலையில்லாத ஆளுக்கு வாசலுக்குள் அனுமதி இல்லை, ஆனால் காவலாளி வேறு பக்கம் பார்த்தான். குனிந்து தாளை எடுத்தான். மண்ணைத் தட்டினான். நல்ல கையால் பலகையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றான். தாள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அவள் பசையைத் தொட்டாள். அவனைப் பார்த்தாள்.

"நேராப் பிடிடா" என்றாள். "கோணலா போகுது."